இரும்புப் படகுக்குள் ரேடியோ எடுக்காது

என் வயதுக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. காலையில் கண் விழித்ததும் கைபேசியைத் தடவுகிறோம். யாரோ ஒருவருடைய படம், மாலை போட்டு, பிறந்த ஊரும் வாழ்ந்த ஊரும் எழுதி, வந்து நிற்கிறது. தெரிந்த முகமா என்று பார்க்கிறோம். தெரியாத முகமென்றால் தேத்தண்ணி வைக்கப் போகிறோம். நான் பல இடங்களில் அலைந்தவள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டேன், வேலைகளையும் இடையில் விட்டேன். எங்கே போய் நின்றாலும் இந்த அறிவித்தல்கள் மட்டும் என்னைக் கண்டுபிடித்துவிடும்.

இவை படமாக வராமல் குரலாக வந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மொன்றியாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி. முதலில் பாட்டு, பிறகு சேலைக்கடை விளம்பரம், பிறகு மரண அறிவித்தல், அது முடிந்த கையோடு மறுபடியும் பாட்டு. கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் அந்த நேரம் படியால் இறங்கினால் ஒவ்வொரு தளத்திலும் அதே குரல் கேட்கும். ஒரு வார்த்தையும் தவறாது. அம்மா எனக்குத் தலை பின்னுவது அப்போதுதான். அறிவித்தல் தொடங்கினால் அம்மாவின் கை என் தலைமயிருக்குள் அப்படியே நின்றுவிடும். அப்பா வாயில் விரலை வைத்து எங்களைப் பார்ப்பார். நாங்கள் சத்தம் போடுகிறவர்கள் இல்லை, என்றாலும் பார்ப்பார்.

ஒரு கோடையில் அந்தக் கட்டிடத்தை விட்டு ஒரு படகுக்குக் குடிபோனோம்.

அப்பா லாசாலில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்தார். பட்டறை முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்தவர். தன் நாட்டுக் கால்வாய்களில் ஓடுகிற மாதிரி ஒரு படகைத் தன் பட்டறையிலேயே இரும்புத் தகடு வெட்டி ஒட்டிச் செய்திருந்தார். நீளமோ நீளம். அகலம் மட்டும் இல்லை. நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தால் சுவர்கள் விரல் நுனிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு ரயில் பெட்டியை ஒடுக்கித் தண்ணீரில் விட்டது போல இருந்தது. அவர் அதைச் செய்து முடித்தபோது லஷீன் கால்வாயின் கதவுகள் மூடிக் கிடந்தன. அந்த வழியால் எந்தப் படகும் போவதில்லை. ஆகவே அது கால்வாய்க்கு வெளியே, ஏரிப் பக்கத்தில், ஒரு சின்னத் துறையில் கட்டியபடி கிடந்தது. பொடியன்கள் வந்து கண்ணாடி உடைக்கிறார்கள், ஒரு குடும்பம் இருந்தால் நல்லது, அப்படியே பெயின்றும் அடித்துத் தரலாம் என்று முதலாளி கேட்டிருக்கிறார். அப்பா உடனே ஓம் என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது அம்மா சிரித்தார்.

"ஊரை விட்டு ஓடி வந்து, இஞ்சை அகதியா நிண்டு, இப்ப தோணியிலையோ குடியிருக்கப் போறம்?"

"தோணியில்லையப்பா. குசினி இருக்கு, கக்கூஸ் இருக்கு, படுக்க மூண்டு தட்டு இருக்கு. நல்ல காத்து. உமக்கு இந்த நேரத்திலை காத்து வேணும்."

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

காற்று காரணம் இல்லை. உங்களுக்கு அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. அம்மாவின் அண்ணன் ஊரில் இறந்துபோயிருந்தார். சைக்கிளில் போன இடத்தில் ஷெல் விழுந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் சித்தப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னார். சித்தப்பா, அப்பாவின் தம்பி, அதே கட்டிடத்தில் மேல்தளத்தில் இருந்தவர். அவர் அப்பாவை மட்டும் கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாராம்.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். அப்பாவுக்கு அதற்கு மேலேயும் ஒரு பயம் இருந்தது. ஊரில் இடம்பெயர்ந்து நடந்த நாட்களில் அம்மாவின் வயிற்றில் ஒன்று நிற்காமல் போயிருந்தது. இங்கே ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்குப் பிரஷர் கூடுதல் என்று எச்சரித்திருந்தார்கள். ஆகவே பிள்ளை பிறக்கும்வரை மறைப்பது என்று முடிவு செய்தார். இதில் நான் குறை காண மாட்டேன். அடுத்து அவர் செய்ததுதான் எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய காரியம். தோய்க்கும் யந்திரங்களின் இரைச்சலுக்குள் நின்று அவர்கள் கதைத்ததைச் சித்தப்பா தன் கடைசிக் காலத்தில் எனக்குச் சொன்னார்.

"அண்ணை, ரேடியோவுக்குக் குடுக்க வேணுமெல்லே?"

"குடுக்காமல்? மனிசியின்ரை தமையனுக்கு ஒரு அறிவித்தல் போடேல்லை எண்டு சனம் கதைக்காதோ? குடு. ஊர், பேர், ஆர் ஆர் சகோதரம், எங்கடை பேர், எல்லாம் ஒழுங்கா வரவேணும்."

"அண்ணி கேட்டால்?"

"கேக்காமல் நான் பாக்கிறன்."

மொன்றியால் முழுவதற்கும் சொல்லியாயிற்று. ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த ஒருத்தியைத் தமிழ்ச் சத்தம் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கோயில், கடை, மாடிப்படி எல்லா இடத்திலும் யாராவது ஒரு மனிசி அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிடலாம். படகு அந்த நேரத்தில் கிடைத்தது. அறிவித்தல் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னரே எங்கள் பெட்டிகள் படகுக்குள் வந்துவிட்டன.

படகு எனக்குப் பிடித்துப்போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். காலையில் இரும்புச் சுவரில் வியர்வை மாதிரி நீர் கோத்திருக்கும். விரலால் படம் கீறலாம். மழை பெய்தால் கூரையில் விழும் சத்தத்துக்கு ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. டீசல் மணம், பாசி மணம், காற்று மாறினால் லாசால் பக்கத்திலிருந்து புளித்த தானிய மணம். தூரத்தில் பெரிய கப்பல் போகும். அது கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அதன் அலை வந்து எங்களைத் தாலாட்டும். குசினியில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அம்மா ஒரு கையால் சட்டியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நிற்பார்.

படகுக்குச் சொந்தமாக ஒரு ரேடியோ இருந்தது. கார் ரேடியோ. முதலாளி அதைப் படிக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்குள் பொருத்தியிருந்தார். கார் பற்றரி மாதிரி இரண்டு பெரிய பற்றரிகளில் அது ஓடியது. அதே பற்றரியில்தான் விளக்கும், தண்ணீர்க் குழாயின் மோட்டாரும், அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பும். யாராவது குழாயைத் திறந்தால் ரேடியோ இருமும். குழல் விளக்கைப் போட்டால் தேனீக்கூட்டம் மாதிரி இரையும். இருட்டில், தாகத்தோடு இருந்தால்தான் பாட்டுக் கேட்கலாம். அதுவும் பக்கத்திலேயே இருந்து பலமாக ஒலிபரப்பும் பிரெஞ்சு நிலையங்கள்தான். சிறிய நிலையங்கள் இரும்பைத் தாண்டி வராது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா அதன் முன்னால் முட்டுக்காலில் இருந்து திருகித் திருகிப் பார்த்தார். சரசரப்பு மட்டும் வந்தது.

"என்னப்பா இது, ஒண்டும் எடுக்குதில்லை."

"இரும்பெல்லே. இரும்புப் படகுக்குள்ளை ரேடியோ எடுக்காது."

பாதி உண்மை. அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது. பிற்காலத்தில் நான் பெரிய ஏரிகளில் தானியம் ஏற்றும் கப்பல் ஒன்றின் குசினியில் பாத்திரம் கழுவினேன். லொறியின் பின்பெட்டியில் படுத்திருக்கிறேன். தகரக் கொட்டிலில் அப்பிள் பிடுங்குகிறவர்களோடு ஒரு பருவம் இருந்தேன். இரும்புக்குள் ரேடியோ எடுக்கும். ஒரு யன்னல் போதும்.

அம்மாவும் அதைக் கண்டுபிடித்தார். எங்களிடம் ஊரவர் ஒருவர் தந்த ஒரு கசெற் ரேடியோ இருந்தது, கைபிடி வைத்தது. குசினித் தொட்டிக்கு மேலே ஒரு வட்ட யன்னல். அந்த யன்னல் விளிம்பில் ரேடியோவைச் சாய்த்து, ஏரியலை வெளியே நீட்டி, அதன் நுனியில் உடுப்பு மாட்டும் கம்பிக் கொழுவி ஒன்றை மாட்டினால் குரல் வரும். ஆனால் அம்மா கையால் தொட்டுக்கொண்டு நின்றால்தான் நிற்கும். கையை எடுத்தால் போய்விடும். நான் தொட்டால் வராது. எதனாலோ தெரியவில்லை. அம்மா ஒரு கையால் சோறு வடிப்பார், மறு கை கம்பியில். பிரெஞ்சில் காலநிலை சொல்வார்கள், ஒன்றும் விளங்காது, என்றாலும் கேட்டுக்கொண்டு நிற்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பாட்டு வந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். சேலைக்கடை வந்தது. "அடுத்து மரண அறிவித்தல்" என்று அறிவிப்பாளர் சொல்லத் தொடங்க, அப்பா பின்பக்கம் போய்ப் பம்ப்பைப் போட்டார். படகு முழுவதும் கரகரத்தது. ரேடியோவுக்குள்ளும் அதே கரகரப்பு.

"இந்த நேரத்திலையோ பம்ப் போடுறது?"

"தண்ணி ஏறுதப்பா. படகோடை அடியிலை தாண்டு போகவோ எல்லாரும்?"

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பலகைக்கு அடியில் ஈரம்கூட இல்லை. பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பாட்டு மறுபடி தொடங்கியதும் அப்பா அதை நிறுத்தினார்.

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தார். அப்பாவைப் பார்த்தார். கோட்-டெ-நெய்ஜில் அறிவித்தலுக்கு விரலை வாயில் வைத்தவர் இவர்தானே.

அடுத்த கிழமை கசெற் ரேடியோவின் ஏரியல் முறிந்திருந்தது. கைதவறி விழுந்தது என்றார் அப்பா. படகு ரேடியோவையும் போடக்கூடாது, பற்றரி இறங்குகிறது என்றார். அதற்குப் பதிலாக ஒரு பை நிறையக் கசெற் வாங்கிவந்தார். எல்லாம் சினிமாப் பாட்டு. "இதைக் கேளும். செய்தியும் கிய்தியும் என்னத்துக்கு?" முன்பெல்லாம் தமிழ்க்கடையிலிருந்து வரும்போது இலவசப் பேப்பர் ஒன்றையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். இப்போது சாமான் மட்டும் வந்தது. பேப்பர் முடிஞ்சுது என்றார்.

பாவம், அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. மறைக்கத் தெரிந்தவர் எதையாவது பழையபடி விட்டுவைப்பார். இவர் எல்லாவற்றையும் அடைத்தார். அடைத்த ஓட்டைகளைப் பார்த்தே அம்மாவுக்கு வெளியே என்ன நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. யாரோ செத்துவிட்டார்கள். யார் என்பது மட்டும் தெரியாது.

அதை அம்மா சோதித்துப் பார்த்தது சித்தப்பா வந்த அன்று. சித்தப்பா நக்கல்காரர். அம்மா சமைத்தால் வாய் சும்மா இராது. "அண்ணி, இது சாம்பாறோ, கை கழுவத் தந்த தண்ணியோ?" என்று கேட்பார். அம்மாவும் விட மாட்டார். "வாயைக் கழுவத்தான் தந்தனான்" என்பார். அந்த மாதிரி. அன்று அவர் படகுக்குள் தலை குனிந்து இறங்கி, ஒரு பை மாம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, கதிரையின் விளிம்பில் இருந்தார். அம்மா சோறு போட்டார். சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"என்ன தம்பி, இண்டைக்குக் கறியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை?"

"நல்லாயிருக்கு அண்ணி."

"நல்லாயிருக்கோ?"

"ஓம், நல்ல ருசி."

"நான் உப்புப் போடேல்லை."

சித்தப்பாவின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. அப்பா தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கைகழுவ ஒன்றும் இருக்கவில்லை. சும்மா திறந்துவைத்துக்கொண்டு நின்றார். நான் என் கோப்பையைப் பார்த்தேன். உண்மைதான், கறியில் உப்பில்லை. நான்கூடச் சொல்லாமல்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அம்மா எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்பக்கப் படியில், தண்ணீரைப் பார்த்தபடி இருப்பார். என்னைப் பக்கத்தில் கூப்பிடுவார்.

"பிள்ளை, உனக்குச் சின்னம்மாவின்ரை முகம் ஞாபகமிருக்கோ?"

சின்னம்மா அம்மாவின் தங்கை. மூக்கில் ஒரு மச்சம் என்று சொன்னேன். "ஓம், மச்சம்" என்று சொல்லி அம்மா அழுதார். அன்று முழுவதும் அழுதார். அப்பா வேலையால் வரும்போது முகம் கழுவியிருந்தார். சில நாட்கள் போயின. பிறகு தன் தாயாரின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்கு அது ஞாபகம் இல்லை. தாயார் கோழியைக் கூப்பிடுவதைத் தானே செய்து காட்டினார். படகைச் சுற்றி நின்ற வாத்துகள் திரும்பிப் பார்த்தன. நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அன்று அந்தக் கிழவிக்காக அழுதார். பிறகு ஒருநாள் அண்ணனுக்காக. பிறகு மறுபடியும் தங்கைக்காக.

அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது தெரிகிறது. ஒரு சாவை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் தான் பிறந்த வீட்டில் இருந்த எல்லாரையும் முறைவைத்து எரித்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போன் இல்லை. கடிதம் போனால் போகும், வந்தால் வரும். யாரிடம் கேட்பது? அப்பாவிடம் நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருக்கிறேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயமும் இருந்திருக்கும்.

கரையில் ஒரு மீன்காரர் இருப்பார். பல்லில்லாத கெபெக் மனிதர். விற்கிறவர் இல்லை, பிடிக்கிறவர். பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விடுவார்; அதை அம்மாவால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. ஒரு சின்ன ரேடியோவை மரக்கிளையில் தொங்கவிட்டு விளையாட்டு வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய அணி அந்தக் கோடை முழுவதும் தோற்றது என்று நினைக்கிறேன். ரேடியோவைப் பார்த்துத் திட்டிக்கொண்டேயிருப்பார். அம்மாவுக்கும் அவருக்கும் இடையில் பொதுவாக இருந்தவை "போன்ஜூர்", "மெர்சி" என்ற இரண்டு சொற்கள்தான். ஒருநாள் அம்மா அவருக்கு ஒரு ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். உறைப்பில் கண்ணில் நீர் வழிய, "மெர்சி, மெர்சி" என்று முழுவதையும் தின்றார்.

அவர் யன்னலில் அம்மா முறிந்த ஏரியலோடு போராடுவதைப் பார்த்திருக்கிறார். அன்று எழும்பி வந்து, எங்கள் படகின் பக்கத்தை விரலால் தட்டினார். டங் டங். தலையை ஆட்டினார். பிறகு ஆகாயத்தைக் காட்டினார். "தெஓர், மதாம், தெஓர்!" வெளியே, வெளியே. தன் ரேடியோவைக் கிளையிலிருந்து கழற்றி, எங்கள் கதவுக்குள் ஒரு தரம் நீட்டினார்: சரசரப்பு. வெளியே எடுத்தார்: வர்ணனை. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. சின்னப் பிள்ளைக்கு வித்தை காட்டுகிற மாதிரி. பிறகு போய்த் தன் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அம்மா நீண்ட நேரம் கதவடியில் நின்றார். வெளியே கொண்டுபோனால் கேட்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாத விஷயமா? எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அதுவரை யன்னலைத் தாண்டி அவரும் முயலவில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கரைப்பக்கமாக நின்று படகுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். அம்மா கசெற் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறினார். எட்டாம் மாத வயிற்றோடு அந்த ஒடுங்கிய படியில் ஏறுவது லேசில்லை. நான் பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டேன். துறைப் பலகையில் ஒரு மரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதில் உட்கார்ந்து, ரேடியோவை மடியில், வயிற்றுக்கு முன்னால் வைத்தார். முறிந்த ஏரியலே போதுமாக இருந்தது. பாட்டு தெளிவாக வந்தது.

அப்பா தூரிகையோடு வந்தார். பச்சைத் துளிகள் பலகையில் விழுந்தன.

"வெயிலுக்குள்ளை ஏன் இருக்கிறீர்? உள்ளை வாரும்."

"கிட்ட வராதேங்கோ."

"இஞ்சை பாரும்—"

"ஆர் எண்டு நீங்கள் சொல்லப்போறியளோ, இல்லை ரேடியோவிலை அந்தாள் சொல்லட்டோ?"

பாட்டு முடிந்தது. சேலைக்கடை தொடங்கியது. கல்யாணக் கூறைச் சேலைக்கு எங்களிடமே வாருங்கள்.

"உம்மடை வயித்திலை இருக்கிற பிள்ளைக்காகத்தான்..."

"அதுக்கு எல்லாம் தெரியும். நான் நித்திரை கொள்ளாததும் அதுக்குத் தெரியும். சொல்லுங்கோ."

அப்பா சொல்லியிருக்கலாம். விளம்பரம் முடியும்வரை அவருக்கு நேரம் இருந்தது. அவர் தூரிகையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். அன்று அறிவித்தல் மறுபடியும் வருகிறது என்று அவருக்குத் தெரியும்; முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி வருகிறதென்பதால் முழுவதையும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அதைக்கூட ஒழுங்காகச் செய்யாவிட்டால் சனம் கதைக்குமே.

அறிவிப்பாளர் வாசித்தார். இறந்தவரின் பெயரை முதலில் சொன்னார். மாமாவின் பெயர்.

அம்மா அசையவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினார், பொறுங்கோ என்கிற மாதிரி. அந்த அறிவித்தல்கள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். செத்தவரின் பெயரோடு அது முடியாது. இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரர், இன்னாரின் மாமா என்று எல்லார் பெயரும் வரும். முன்னரே போய்விட்டவர் என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். உயிரோடு இருப்பவர் என்றால் வெறும் பெயர். அம்மா அதற்காகக் காத்திருந்தார்.

தகப்பனின் பெயர் வந்தது, காலஞ்சென்ற. அது பழைய சாவு. அடுத்தது தாயார். வெறும் பெயர். அம்மாவின் கண் மூடியது. பிறகு சகோதரிகள். முதலில் அம்மாவின் பெயர், கனடா என்று. அதன் பின்னால் தங்கையின் பெயர். வெறும் பெயர்.

அம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீரில் நீண்ட நேரம் இருந்துவிட்டு மேலே வருகிறவர் விடுகிற மூச்சு.

"அம்மா இருக்கிறா" என்றார். "தங்கச்சி இருக்கிறாள்." என்னைப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் இருந்தது. "அண்ணை மட்டுந்தான் பிள்ளை. அண்ணை மட்டுந்தான்."

சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

ரேடியோ அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. மைத்துனர் என்று அப்பாவின் பெயர் வந்தது. மருமகள் என்று என் பெயர் வந்தது. என் பெயர் ரேடியோவில் வந்தது அதுதான் முதல் தடவை. கரையில் மீன்காரர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். ரேடியோ எடுத்துவிட்டது என்ற சந்தோசம் அவருக்கு. நானும் கையசைத்தேன்.

அம்மா பொத்திய கையை எடுத்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

"உங்கடை பேரையும் ஒழுங்காக் குடுத்திருக்கிறியள்."

அறிவித்தல் முடிந்து துள்ளல் பாட்டு ஒன்று தொடங்கியது. அப்பா அவசரமாகக் குனிந்து ரேடியோவை நிறுத்தக் கை நீட்டினார். கையெல்லாம் பச்சை.

"விடுங்கோ. இவ்வளவு நாளும் நிப்பாட்டினது போதும்."

அந்தப் பாட்டு முழுவதையும் நாங்கள் மூவரும் கேட்டோம். அதற்குப் பிறகு இன்னொன்று. நிகழ்ச்சி முடியும்வரை அம்மா எழும்பவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தம்பி பிறந்தான். ஒரு குறையும் இல்லை. இப்போது லவாலில் இருக்கிறான். அவனுடைய பிள்ளைகள் என்னோடு பிரெஞ்சில் கதைப்பார்கள். அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வகையில் அப்பா பயந்தது எதுவும் நடக்கவில்லை.

ஆனால் அறிவித்தல் கேட்ட அன்று பின்னேரம் நடந்ததை நான் பார்த்தேன். அம்மா தலைக்கு முழுகிவிட்டு, ஈரத் தலையோடு படியில் இருந்தார். அழவில்லை. அண்ணனுக்கு அழ வேண்டியதை முன்னரே, சந்தேகத்திலேயே, மற்றவர்களோடு சேர்த்து அழுது முடித்துவிட்டார். இப்போது நிச்சயமான பிறகு அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அப்பா மண்ணெண்ணெயில் தூரிகையைக் கழுவிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உமக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டுதான் செய்தனான்."

"தெரியும்" என்றார் அம்மா. "மறைச்சதுக்கு நான் கோவிக்கேல்லை. என்ரை அண்ணை செத்ததைக் கேட்டு, 'அப்பாடா' எண்டு என்னை மூச்சு விட வைச்சிட்டியள்."

அப்பாவின் கை மண்ணெண்ணெய்க்குள் நின்றது. பிறகு இந்த நகரத்தில் அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் நீண்ட காலம் வாழ்ந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்தக் காலம் முழுவதும் அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார்.